பின்னால் மூட்டை, முன்னால் நாங்கள்!

"கார் எப்போ வாங்கப் போறீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் வீட்டில் கார் இல்லை. இருப்பது ஒரு பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. டபுள் கேபின் என்பார்கள். வெங்காயம் போவதும் அதில்தான், உர மூட்டை வருவதும் அதில்தான், கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் போய் இறங்குவதும் அதில்தான்!

நாங்கள் இருப்பது பெரம்பலூர் மாவட்டத்தில், செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கையில் கரும்போடு நிற்கும் முருகன் குடியிருக்கும் செட்டிகுளம்தான். எங்கள் பக்கம் மக்காச்சோளமும், பருத்தியும், சின்ன வெங்காயமும்தான் சோறு போடுகின்றன. வெங்காயத்தை அறுவடை செய்து, வயலோரம் பட்டறை போட்டு வைத்திருந்து, விலை வரும்போது திருச்சி மண்டிக்குக் கொண்டு போக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும். பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு நாலு இடம் போகவும் வண்டி வேண்டும். இரண்டு வண்டி வாங்க யாரிடம் பணம் இருக்கிறது? அதனால் ஒரே வண்டி இரண்டு வேலையும் செய்கிறது.

டெக்ஸாஸில் இருக்கும் என் சித்தி மகள் ஒருமுறை போட்டோ அனுப்பியிருந்தாள். யானை மாதிரி ஒரு பிக்கப், பக்கத்தில் அவளும் அவள் வீட்டுக்காரரும். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக மிக அதிகம் விற்பனையாவது ஃபோர்டு எஃப் வரிசைப் பிக்கப் வண்டிகள்தானாம். அங்கே அதில் பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள், சர்ச்சுக்கும் போகிறார்கள், யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. நம் ஊரிலும் இசுசு வி-கிராஸ் 2016-இலும், டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இலும் வந்தன. சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டோடு ஓட்டலாம். ஆனால் அந்த விலைக்கு நாங்கள் இரண்டு ஏக்கர் நிலத்தை விற்க வேண்டும்! எங்களுடையது மஞ்சள் போர்டு, அதுவும் பழைய வண்டியாக வாங்கியது. குறித்த காலத்தில் எஃப்.சி. காட்ட வேண்டும் என்ற தொல்லை வேறு.

சென்ற தை மாதம், பொங்கல் விடுமுறையில் வந்த திங்கட்கிழமையன்று, இந்த வண்டியில் எங்கள் இரண்டு மாவட்டத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தோம். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமையாகப் பார்த்துக் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. எங்கள் குலதெய்வம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். அங்கே வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். மற்ற நாளில் போனால் கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். அம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு, அப்படியே அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு இந்த வருஷத்து மக்காச்சோளத்தில் நாலு மூட்டை காணிக்கை செலுத்த வேண்டும் என்பது என் மாமியாரின் வேண்டுதல். 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் காடெல்லாம் சல்லடையாகப் போனபோது வேண்டிக்கொண்டதாம். நடுவில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. பெருமாள் பொறுத்துக்கொண்டார்.

முதல் நாள் சாயந்திரமே வண்டியைக் கழுவினேன். இது என் வேலை, வேறு யாரிடமும் விடமாட்டேன். ஏனென்றால் முந்தின வாரம் அதே தொட்டியில் பூச்சிமருந்து டப்பா வந்திருக்கும். 2017-இல் எங்கள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த சிலர் உயிரையே விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு மருந்து என்றாலே குலை நடுக்கம். மருந்து டப்பா கேபினுக்குள் ஒரு நாளும் ஏறக்கூடாது என்பது என் சட்டம். "பக்கத்துலதானே, காலடியில வச்சுக்கறேன்" என்று இவர் சொன்னாலும் விடமாட்டேன். கதவை மூடினால் அந்த நெடி முழுவதும் பிள்ளைகள் மூச்சில்தானே போகும்? பின்னால் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையில் கவிழாமல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி வர வேண்டும். வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் விட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிடுவேன். கழுவின தண்ணீர் கிணற்றடிப் பக்கமோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ ஓடாதபடி பார்த்துக்கொள்வேன். நெல்லுக்கும் சோளத்துக்கும் வண்டு வராமல் வைக்கும் மாத்திரைகளும் அப்படித்தான். காற்றுப் பட்டாலே விஷவாயு கிளம்பும். வண்டியைக் குடும்ப வண்டியாக வைத்திருக்கும் சகோதரிகள் இந்த ஒரு விஷயத்தில் கணவரோடு சண்டை போட்டாலும் தப்பில்லை.

விடியற்காலை ஆறு மணிக்குப் புளியோதரை, தயிர்சாதம், சின்ன வெங்காயத் துவையல், ஒரு குடம் தண்ணீர் எல்லாம் கேபினில் ஏறின. சோள மூட்டைகள் பின்னால், மேலே தார்ப்பாய். அத்தை முன் இருக்கையில். ஏறுவதற்கு உயரம் அதிகம், முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். அதற்காக வீட்டு மணை ஒன்று எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். மணையில் ஒரு கால், படியில் ஒரு கால், அப்புறம் கைப்பிடியைப் பிடித்து ஒரு எக்கு! "தேர்ல ஏற்ற மாதிரி இருக்குடி" என்பார். பெல்ட் போடும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார். பின்னிருக்கையில் நான் நடுவில், பெரியவள் ஒரு பக்கம், சின்னவன் ஒரு பக்கம். டிரைவர் இருக்கையில் இவர். ஆக ஐந்து பேர். ஆர்.சி. புத்தகத்திலும் ஐந்து பேர்தான்.

இந்த ஐந்து பேர்க் கணக்குச் சும்மா வந்ததல்ல. சிறுவாச்சூர் நெருங்கும்போது நெடுஞ்சாலையில் ஒரு புளியமரம் வரும். அதைப் பார்த்ததும் அத்தை தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொள்வார். அது அவருக்கே தெரியாமல் நடக்கும்.

சின்னவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியது இதே கோயிலில்தான். அப்போது எங்களிடம் இருந்தது பழைய லோடு வண்டி. முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னால் ஜமக்காளத்தை விரித்துப் பதினான்கு பேர் ஏறினோம். மடியில் மொட்டைத் தலையோடு பிள்ளை, கையில் மாவிளக்குத் தட்டு, பேச்சும் சிரிப்புமாக! எங்கள் ஊரில் யார் அப்படிப் போகவில்லை? காட்டு வேலைக்கு, துக்க வீட்டுக்கு, திருவிழாவுக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். திரும்பி வரும்போது அந்தப் புளியமரத்தருகே ஓர் ஆடு குறுக்கே ஓடியது. இவர் பிரேக் போட்டார். வண்டி எதிலும் மோதவில்லை, கவிழவும் இல்லை. ஆனால் பின்னால் இருந்த பதினான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தோம். பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அத்தை கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. என் நாத்தனாரின் பெண்குழந்தை பக்கப்பலகையின் மேல் பாதி உடம்பு வெளியே தொங்க, யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். யார் இழுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. "இன்ஷூரன்ஸ் இருக்கே" என்று இவர் பேப்பரை எடுத்துக்கொண்டு போனார். சரக்கு வண்டியின் பின்னால் சும்மா ஏறி வந்தவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு விசாரித்ததில், 2002-இலேயே உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருப்பது தெரிந்தது. சரக்கு வண்டியில் கூலி இல்லாமல் ஏறும் பயணிக்கு அடிபட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்க வேண்டியதில்லை. அப்படியானால் யார் பொறுப்பு? வண்டிக்காரர்தான். யோசித்துப் பாருங்கள், அன்று அந்தக் குழந்தை விழுந்திருந்தால்? நாத்தனார் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

அந்த வண்டியை விற்றுவிட்டுத்தான் இந்த டபுள் கேபினுக்கு மாறினோம். இவருக்கு மனசே இல்லை. இரண்டாவது வரிசை இருக்கை வந்தால் பின்னால் தொட்டி சுருங்கிவிடும். எங்கள் தொட்டி ஐந்தடிகூட முழுசாக இல்லை. ஒற்றைக் கேபினில் ஒரே நடையில் போகும் வெங்காயம் இதில் இரண்டு நடை போகும். டீசல் இரண்டு மடங்கு, நாளும் இரண்டு. "உன் சட்டத்தால மூட்டைக்கு இத்தனை ரூபாய் நஷ்டம்" என்று இவர் கணக்குப் போட்டுக் காட்டாத வெங்காய சீசனே கிடையாது. கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது மட்டும், கேபினில் உட்கார்பவர்களுக்கு எதுவரை உண்டு, எதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டு, பாலிசியில் எழுத்தில் வரும்படி செய்துகொண்டோம். வாயால் சொல்வதை நம்பிப் பிரயோஜனமில்லை.

சிறுவாச்சூரில் அன்று நல்ல கூட்டம். அங்கே மாவிளக்கு மாவை வீட்டிலிருந்து இடித்துக்கொண்டு போவதைவிட, கோயிலிலேயே அரிசியை ஊறவைத்து உரலில் இடித்துப் போடுவது விசேஷம். நானும் பெரியவளும் மாறி மாறி இடித்தோம். மிக்ஸியில் பழகின கைக்கு உலக்கை இரண்டே நிமிஷத்தில் தன் பாரத்தைக் காட்டிவிடும்! பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த அம்மா, "மெதுவா, மூச்சு விட்டு இடி கண்ணு" என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அங்கிருந்து கிழக்கே, கொளக்காநத்தம் பக்கம் போகும் வழியில் சாத்தனூர் கல்மரப் பூங்கா. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் பார்த்ததில்லை. உள்ளூர்க்காரிக்கு உள்ளூர் அதிசயம் கண்ணில் படாது என்பது சரிதான். வேலிக்குள்ளே ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. அடிமரம் 18 மீட்டருக்கு மேல் நீளம். மரம் என்றால் மரமில்லை, கல்! தொட்டால் சில்லென்றிருக்கும் என்று தோன்றியது. சுமார் 12 கோடி ஆண்டு பழையதாம். பூப்பூக்கும் செடிகொடிகள் பெருகுவதற்கு முந்தின காலத்து மரம். அப்போது கடல் இந்தப் பக்கம் வரை வந்திருந்தது. ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் கடலடி மண்ணில் புதைந்து, மரச்சத்து கரையக் கரைய அந்த இடத்தில் மணற்சத்து ஏறி, அப்படியே கல்லாகிவிட்டது. 1940-இல் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை நம் ஆட்கள் அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருப்பார்கள்!

சின்னவன் மரத்தையும் எங்கள் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா, இதை நம்ம வண்டியில ஏத்த முடியுமா?" இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "பழைய வண்டியா இருந்தா யோசிக்கலாம். இதுல உங்கம்மா சீட்டுப் போட்டுட்டாளே" என்றார்.

2020-ஆம் ஆண்டுக் கடைசியில் எங்கள் மாவட்டத்துக் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்துவிட்டது என்று ஊரே திரண்டது நினைவிருக்கும். பிறகு பார்த்தால் அது முட்டையல்ல, நத்தை மாதிரி ஓடுள்ள பழைய கடல்பிராணியின் மேல் மண் உருண்டு இறுகிய கல் என்று சொன்னார்கள். முட்டையோ இல்லையோ, கடல் இருந்தது நிஜம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூருக்குச் சிமெண்டு ஆலைகளைக் கொண்டுவந்தது. அரசு சிமெண்டு ஆலை 1979-இலேயே வந்துவிட்டது. ஆலைகள் வந்தன, லாரிகள் வந்தன. அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் ஏற்றின டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, புழுதி பறக்க வரும். ஓரத்து வேப்பமர இலையெல்லாம் வெள்ளை பூசினாற்போல் இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டோம். முன்பெல்லாம் பின்னால் தொட்டியில் உட்கார்ந்து போகும்போது இந்தப் புழுதியை எத்தனை தின்றிருப்போம்! அன்று முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

வழியில் மருதையாறு. மணலும் முள்ளுமாகக் கிடந்தது. இந்த ஆற்றைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் 1956 நவம்பர் 23 விடியற்காலையில், வெள்ளம் ரயில் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இதில்தான் கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி, பொறுப்பு என்னுடையது என்று ராஜினாமா செய்தார். அத்தைக்கு அவர் அம்மா சொன்ன கதை அது. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுவார், அன்றும் போட்டார்.

கல்லங்குறிச்சி அரியலூரை ஒட்டிய கிராமம். கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மற்றப் பெருமாள் கோயில்போல் அலங்காரச் சிலையை எதிர்பார்க்காதீர்கள். மூலவர் ஒரு கல் கம்பம்! காணாமல் போன சினைப்பசு ஒரு கம்பத்தின்மேல் பால் சொரிந்து நின்றதைக் கண்டு, அந்தக் கம்பத்தையே பெருமாளாக வழிபட்டார்கள் என்பது தலவரலாறு. குடியானவர்களின் பெருமாள் இவர். நெல்லோ, கம்போ, சோளமோ, கடலையோ, விளைந்ததில் ஒரு பங்கு இங்கே வந்துவிடும். கன்று ஈன்றால் கன்றையே கொண்டுவந்து விடுபவர்களும் உண்டு. சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும், ராமநவமியில் திருவிழா. திங்கட்கிழமை என்பதால் நிம்மதியாக நின்று கும்பிட முடிந்தது. இவரும் இன்னொருவருமாக நாலு மூட்டையையும் இறக்கிக் கொடுத்தார்கள். அத்தை ஒரு கைப்பிடி சோளத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எட்டு வருஷக் கடன் தீந்துது பெருமாளே" என்றார். எட்டா என்று நான் விரல்விட்டு எண்ணவில்லை. கணக்கு அவருக்கும் பெருமாளுக்கும்.

வினை அங்கேதான் தொடங்கியது. மூட்டை இறங்கியதும் தொட்டி காலி!

அரியலூரில் நாத்தனார் வீட்டில் சாப்பாடு. அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். கங்கைகொண்ட சோழபுரம் போகிறோம் என்றதும் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. பாவம், நாலு சுவருக்குள் கிடப்பவள். "நானும் பிள்ளைங்க ரெண்டும் வர்றோம் அண்ணி. பின்னாலதான் காலியா கிடக்கே, ஒரு பாய் போட்டா போதும்."

எனக்கு வாயில் சோறு இறங்கவில்லை. "பின்னால வேணாம்மா" என்றேன்.

"ஏன், இந்தா இருக்கற ஜெயங்கொண்டம். மெதுவா ஓட்டச் சொன்னாப் போச்சு."

"மெதுவா போனாலும் வேணாம்."

அவள் முகம் சுண்டிவிட்டது. "மூட்டைக்கு இடம் இருக்கு, எங்களுக்கு இல்லையா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் என்னைப் பார்த்தார். கூடப்பிறந்தவள் ஆயிற்றே. "முப்பது நாப்பது கிலோமீட்டர்தானே..." என்று இழுத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் கெட்டவளாவது புதிதல்ல. ஆனால் அவளுடைய பெண் — அன்று பலகையில் தொங்கினவள் — வாசலில் எங்கள் வண்டியைத் தொட்டுத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அத்தைதான் காப்பாற்றினார். ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போனார், மகளின் முன்னால் இடது கையை நீட்டினார். எலும்பு கூடினாலும் அந்த மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணல்தான். "இத வச்சுக்கிட்டு இன்னிக்கும் எனக்குத் தண்ணிக் குடம் தூக்க முடியல. நீ அன்னிக்கு எங்க உக்காந்திருந்தே, ஞாபகம் இருக்கா?" என்றார். உள்ளே சத்தமே இல்லை.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். வண்டியில் ஐந்து இடம். இவர், முன்னால் அத்தை, பின்னால் மூன்று குழந்தைகள்: என் சின்னவனும் அவளுடைய இரண்டும். நானும் பெரியவளும் நாத்தனாரும் பஸ்! 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் எங்களுக்குக் கிடைத்தது டிக்கெட் எடுக்கிற பஸ். மூன்று டிக்கெட்டும் நானே எடுத்தேன். வரும் வழியெல்லாம் நாத்தனார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இரு பக்கமும் முந்திரிக் காடு. ஜெயங்கொண்டத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோதுதான் வாயைத் திறந்தாள். "அன்னிக்கு அவ பாவாடையைப் பிடிச்சு இழுத்தது நீங்கதானே அண்ணி?" என்றாள். "தெரியலம்மா. நீதானோ என்னமோ" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அவள் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. மதியம் அடைத்த நடை அப்போதுதான் திறந்திருந்தது. பிள்ளைகள் எங்களுக்கு முன்பே வந்து புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் மகன் முதலாம் ராஜேந்திரன் கட்டியது இது. வடக்கே கங்கைவரை படை போய்வந்ததன் நினைவாகத் தலைநகரையே இங்கே அமைத்து, கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து பெரிய ஏரி வெட்டி ஊற்றினானாம். கங்கையிலிருந்து இங்குவரை தண்ணீர்க் குடம் சுமப்பதென்றால்! எத்தனை வண்டி, எத்தனை தோள் என்று எனக்கு அதுதான் தோன்றியது. விமானம் சுமார் 180 அடி. தஞ்சாவூர்க் கோபுரம் நேராக நிமிர்ந்து நிற்கும். இது கொஞ்சம் வளைந்து, இடுப்பொசித்து நிற்கிறாற்போல் இருக்கும். அது ஆண், இது பெண் என்று சொல்வதுண்டு. வெயில் சாய்ந்த நேரத்தில் கல்லெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி! வடக்குப் பக்கம் படியருகே, சிவபெருமான் தன் கையாலேயே சண்டிகேசுவரருக்குப் பூமாலை சுற்றுகிற சிற்பத்தைத் தவறாமல் பாருங்கள். பரிவு என்றால் என்னவென்று அந்த முகத்தைப் பார்த்தால் புரியும். சிங்கத்தின் உடம்புக்குள் படி இறங்கும் சிம்மக் கிணற்றைப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக இதையும் சேர்த்தது. தொல்லியல் துறை சுத்தமாக வைத்திருக்கிறது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் சாயந்திரம் போனால் கல்தரை காலைச் சுடாது.

மிச்சமிருந்த புளியோதரையை அங்கே வெளியில் மரத்தடியில் உட்கார்ந்து பகிர்ந்து தின்றோம். திரும்பும்போதும் அதே ஏற்பாடு. நாங்கள் மூவரும் பஸ், குழந்தைகள் வண்டி. அரியலூரில் அவர்களை விட்டுவிட்டு ஐந்து பேரும் ஊர் திரும்பினோம். இந்த மாதிரி வண்டியில் ஒரு குறை உண்டு. பின்னால் பாரத்துக்காகப் போட்ட கட்டை வில், காலியாக வந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். மூட்டையோடு போனபோது மெத்தையாக இருந்தது, வெறுமனே வரும்போது இடுப்பு கழன்றது. கர்ப்பிணிகளும் இடுப்புவலிக்காரர்களும் காலி வண்டியில் நெடுந்தூரம் போக வேண்டாம். நாங்கள் சாதாரணமாக இரண்டு மணல் மூட்டையாவது பின்னால் போட்டுக் கட்டிவிடுவோம். அன்று மறந்துவிட்டோம். அத்தை மறுநாள் முழுவதும் தைலமும் கையுமாக இருந்தார்.

இப்போது நாத்தனார் தன் பெண்ணுக்குச் சடங்கு வைக்கப் போகிறாள். அதற்கு முன்னால் சிறுவாச்சூரில் மாவிளக்குப் போட வேண்டுமாம். எங்கள் பக்கத்திலிருந்தும் அவர்கள் பக்கத்திலிருந்துமாக நாற்பது பேராவது வருவார்கள். போன வாரம் போனில் அவளே, "வேன் ரெண்டு சொல்லிடலாம் அண்ணி, லோடு வண்டியெல்லாம் வேணாம்" என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இரண்டு வேனுக்கும் வாடகை விசாரித்தாயிற்று. அதை அண்ணன் வீட்டுச் சீரில் சேர்ப்பதா, அவர்கள் பங்கில் சேர்ப்பதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.